'செல்வி'யும் 'தமிழ்ச்செல்வி'யும் ஒன்றுதானே?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி இருக்கிறது. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் என் கணவரின் பெயர், நம்பர். பட்டாளத்துக்காரர் வீடு என்றால் இப்படி ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பெட்டியாவது தேறும். தீபாவளிக்கு ஒருமுறை தூசி தட்டுவதோடு சரி. உள்ளே என்ன காகிதம் இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. 'அது அவர் சமாசாரம்' என்று இருந்துவிட்டேன்.

அப்படி இருந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை என்ன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கணவர் ராணுவத்திலோ, மத்திய அரசு வேலையிலோ, குழந்தைகளுக்குப் படிப்புச் செலவு தரும் கம்பெனியிலோ இருந்தால், சகோதரிகளே, அடுப்பைக் கொஞ்சம் சிம்மில் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்!

என்னவர் 1997-ல் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் நாயக்காக ஓய்வு பெற்று வந்தார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவள் 2005-ல் பிறந்தபோது அவர் காஷ்மீரில் இருந்தார். டெலிபோனில் "பேரு என்ன வெச்சீங்க?" என்று கேட்டார். என் மாமியார் ரிசீவரை வாங்கி, "செல்விதான், வேற என்ன!" என்று சொல்லிவிட்டார். அவரும் அங்கே ஆபீஸில் 'செல்வி' என்றே எழுதிக் கொடுத்துவிட்டார். இங்கே நாங்கள் பெயர் சூட்டி, பிறப்புச் சான்றிதழில் பதிந்ததோ 'தமிழ்ச்செல்வி'. பள்ளிக்கூடத்திலும் அதே.

பதினெட்டு வருஷம் இது யாருக்கும் உறுத்தவில்லை.

நாங்கள் தவறவிட்டது

2023-ல் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். பி.ஃபார்ம் சேர்த்தோம். முதல் வருஷக் கட்டணத்துக்கே என் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அப்போதுதான் என்னவரோடு வேலை பார்த்த ஒரு சுபேதார் அண்ணன் வந்திருந்தபோது, "ஏம்மா, பிரதமர் ஸ்காலர்ஷிப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது! முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும், படைவீரர்களின் விதவைகளுக்கும் தொழில் படிப்புக்காக 2006-லிருந்து தரப்படுகிற உதவி அது. டில்லியில் உள்ள கேந்திரிய சைனிக் போர்டு தருகிறது. பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், பையனுக்கு 2,500. படிப்பு முடியும் வரை வருஷத்துக்கு ஒருமுறை மாணவர் பெயரில் உள்ள கணக்கிலேயே வந்து விழும். வருஷத்துக்கு 5,500 பேருக்கு. அதில் சரிபாதி பெண் பிள்ளைகளுக்கு.

என் பெண்ணுக்கு நான்கு வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருஷம் 36,000. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம்!

மறுநாளே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஓடினோம். பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், இருந்தது. முதல் வருஷத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் சரி. அங்கிருந்த அம்மாள் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மார்க் ஷீட்டைப் பார்த்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"இதுல 'செல்வி'ன்னு இருக்கும்மா. பொண்ணு பேரு 'தமிழ்ச்செல்வி'."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? வீட்ல கூப்பிடற பேரு அது..."

"உங்களுக்கும் எனக்கும் ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரு. ரெக்கார்ட் ஆபீஸ்ல மாத்திட்டு வாங்க, சர்டிபிகேட் தரேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'இந்தப் பெண் இன்னாரின் மகள்தான்' என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். புத்தகத்தில் இல்லாத பெயருக்கு எப்படிப் போடுவார்?

பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், நோட்டரியிடம் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்த்து அவருடைய ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பினோம். ஒரு காகிதம் குறைகிறது என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம். பெயர் திருத்தம் வந்து சேர்ந்தபோது 2024 மார்ச். விண்ணப்பத்தின் கடைசித் தேதி எப்போதோ போய்விட்டது.

"சரி, அடுத்த வருஷம் போடலாமே?" என்று கேட்டேன். முடியாதாம். இரண்டாம் வருஷத்துக்குப் போய்விட்ட பிள்ளை புதிதாக விண்ணப்பிக்க முடியாது. கதவு ஒருமுறைதான் திறக்கும்.

விண்ணப்பித்திருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். போரில் உயிர் நீத்தவர்கள், ஊனமடைந்தவர்கள், வீரப் பதக்கம் பெற்றவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. எங்களைப் போன்றவர்கள் அதற்குப் பிறகு, மார்க் வரிசையில். ஆனால் வரிசையில் நிற்கவே முடியாமல் போனது எங்கள் தவறுதானே!

அன்று இரவு என் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "என் பேரு என்னன்னுகூட இந்த வீட்ல யாருக்கும் தெரியல" என்று சொன்னாள். சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

வேலையில் இருக்கும்போது வருவது

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கீழே இறக்கினேன். எந்த உதவி யாருக்கு, எதுவரை என்று கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதிலிருந்து சில விஷயங்கள்:

மத்திய அரசு ஊழியர்களுக்கும் படைவீரர்களுக்கும் வேலையில் இருக்கும்போதே 'குழந்தைகள் கல்விப் படி' உண்டு. 2017 ஜூலை முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது, 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசு ஆயிற்று. வருஷத்துக்கு 33,750! ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு விடுதிப் படி தனி. ஆனால் ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்த்துக் கிடைக்காது என்று எண்ணிப் பலர் கேட்காமலே விடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், கிடைக்கும்.

பிளஸ் டூ வரைதான் இந்தப் படி. மூத்த இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். இரண்டாவது பிரசவத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் மூன்றாவதுக்கும் உண்டு. மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு இரண்டு மடங்கு. கட்டண ரசீதுகளைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 'இந்தப் பிள்ளை இந்த ஆண்டு முழுதும் எங்கள் பள்ளியில் படித்தது' என்று தலைமையாசிரியர் தரும் சான்றிதழ் போதும்.

என் தங்கை தபால் ஆபீஸில் வேலை. அவள் வீட்டுக்காரரும் மத்திய அரசு ஊழியர்தான். "அக்கா, நான் பெரியவனுக்கு, அவர் சின்னவனுக்குன்னு ஆளுக்கொண்ணு வாங்கலாமா?" என்று கேட்டாள். இருவரும் அரசு வேலையில் இருந்தால் ஒருவர்தான் வாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு பேரும் எழுதிக் கொடுத்து, பிறகு கண்டுபிடித்துச் சம்பளத்தில் பிடித்தால் அவமானம் வேறு!

இன்னொன்று. ஓய்வு பெற்ற அன்றே இந்தப் படி நின்றுவிடுவதில்லை. அந்தப் படிப்பாண்டு முடியும் வரை உண்டு. என்னவர் ஆகஸ்டில் வந்தாரே, அடுத்த மார்ச் வரை எங்களுக்குப் பாத்தியதை இருந்தது. சுபேதார் அண்ணன் எடுத்துச் சொன்னதால் அதை மட்டும் விடாமல் வாங்கினோம். ஊழியர் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டாலும் பிள்ளைகளுக்கு இந்தப் படி தொடரும். மனைவி அரசு வேலையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். துக்கத்தில் இருப்பவளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

வீரர் இல்லாத வீட்டுக்கு

எங்கள் தெருவிலேயே ஒரு பெண், சின்ன வயசு, எல்லையில் கணவரைப் பறிகொடுத்தவள். அவளுக்காக விசாரித்தபோது தெரிந்தது இது. 1971 யுத்தத்துக்குப் பிறகு, 1972-லிருந்து, போரில் மாண்டவர்கள், காணாமல் போனவர்கள், ஊனமடைந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி, கல்லூரிக் கட்டணத்தைப் பாதுகாப்பு அமைச்சகமே ஏற்கிறது. ஹாஸ்டல், புத்தகம், சீருடைச் செலவும் அதில் சேரும். 2017 ஜூலையில் கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஓர் உச்சவரம்பு போட்டார்கள். நாடு முழுதும் எதிர்ப்புக் கிளம்பியது. 2018 மார்ச்சில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். இன்னமும் 'பத்தாயிரம்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்வீட்டு அக்காவின் கணவர் சி.ஆர்.பி.எஃப். "நமக்கும் அதே ஆபீஸ்தானே?" என்று கேட்டார். இல்லை! அவர்கள் உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் பிரதமர் ஸ்காலர்ஷிப் உண்டு. ஆனால் விண்ணப்பம் போகும் வழி வேறு, அவர்களுடைய படைப்பிரிவின் மூலம். தவறான வாசலில் நின்று நாளைக் கடத்திவிடக்கூடாது பாருங்கள்.

ஒரே ஒரு வரி

இனி என் பையன் கதை. அவன் இப்போது பதினோராம் வகுப்பு. அவன் பெயர் புத்தகத்தில் ஒழுங்காக இருக்கிறது. (முதலில் அதைத்தான் பார்த்தேன்!)

ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து வந்தவர்களின் இரண்டு குழந்தைகளுக்கு, ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப் படிப்பு வரை, சைனிக் போர்டு கல்வி மானியம் தருகிறது. விதவைகள் தாங்களே மேல்பட்டம் படித்தாலும் உண்டு. வருஷந்தோறும் டிசம்பர் 7-ந்தேதி கொடி நாள் என்று பிள்ளைகள் உண்டியலோடு வருவார்களே, நாம் போடும் அந்தக் காசிலிருந்துதான் இது வருகிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்ததை, 2025 நவம்பர் 1 முதல் தரப்படும் விண்ணப்பங்களுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள்.

அந்தச் செய்தியைப் படித்ததும் பாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் பூர்த்தி செய்து வந்தேன். ஒரு வரியில் பேனா நின்றது. மாநில அரசிடமிருந்தோ, தற்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்தோ பிள்ளையின் படிப்புக்குப் பணம் எதுவும் வாங்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

என்னவர் ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறார். அங்கே இரண்டு வருஷம் முடித்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கு வருஷம் 8,000 ரூபாய் தருகிறார்கள். அதை நாங்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் யோசிப்பாங்களா? 'வாங்கல'ன்னு எழுதிட்டுப் போவியா! டில்லியில உட்கார்ந்துட்டு எவன் பாக்கப் போறான்?" என்று சொன்னார்.

பொய் சொல்லக்கூடாது என்று வாசகிகளுக்கு உபதேசம் செய்ய வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் கை துறுதுறுத்தது. ஏற்கெனவே ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் போன வயிற்றெரிச்சல். பெண்ணின் மூன்றாம் வருஷக் கட்டணம் வேறு. 'எடுத்தவர்கள் எத்தனையோ பேர், நாம் மட்டும் அரிச்சந்திரனா?' என்று மனசு வாதாடியது.

இரவு அவரிடம் பாரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெல்லப் படித்தார். "தெரியாம ஒரு பேரைத் தப்பா எழுதினேன். அதுக்கே பொண்ணு மூஞ்சியைப் பாக்க முடியல. தெரிஞ்சே தப்பா எழுதச் சொல்றியா?" என்று கேட்டார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

பேச்சு நின்றது; கணக்கு நிற்கவில்லை. காலையில் இட்லி வேகும் நேரத்தில் காலண்டர் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். கம்பெனி தருவது வருஷம் 8,000. போர்டு தருவது மாதம் 2,000 வீதம் 24,000. இரண்டும் கூடாது என்றால் பெரியதை எடுத்துக்கொள்வோமே! இதற்குப் பொய் எதற்கு?

அவர் கம்பெனியில் போய், "இந்த வருஷம் எனக்குப் படிப்புப் பணம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தார். 'இவர் இந்த ஆண்டு பெறவில்லை' என்று அவர்களிடமே ஒரு கடிதமும் வாங்கி வந்தார். அதையும் பாரத்தோடு சேர்த்துக் கொடுத்தோம். அலுவலகத்தில் அந்த அம்மாள் படித்துப் பார்த்துவிட்டு, "இப்படித்தான்மா வரணும்" என்று சிரித்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டு மேலே போயிருக்கிறது. பணம் வரும்போது வரட்டும். எப்போது, யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம்.

கம்பெனி உதவி பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் பொதுவான சட்டம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். நிரந்தர ஊழியரா, எத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும், எந்தப் படிப்புக்கு, எவ்வளவு மார்க் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிப்பது நீங்களே என்றால் இன்னும் கவனம். என் நாத்தனார் மகள் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் மேல்படிப்புப் படித்தாள். கட்டணத்தைக் கம்பெனி தந்தது. ஆனால் முதலில் தன் கைக்காசைக் கட்டி, பாஸ் செய்த பிறகே திரும்ப வாங்க முடிந்தது. இரண்டு வருஷத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தர வேண்டும் என்றும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கல்யாணம் நிச்சயமாகி வெளியூர் போக வேண்டிவந்தபோதுதான் அந்தக் காகிதமே அவள் நினைவுக்கு வந்தது!

என் நோட்டின் கடைசிப் பக்கம்

* டிஸ்சார்ஜ் புத்தகம் அல்லது சர்வீஸ் ரிஜிஸ்டர், பென்ஷன் ஆர்டர், ஆதார், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கணவர் பணியில் இருக்கும்போதே திருத்துவது சுலபம்.

* குழந்தை பிறந்ததும் கணவரின் யூனிட்டில் 'பார்ட் டூ ஆர்டர்' வெளியாக வேண்டும். பெயரை டெலிபோனில் சொல்லாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் நகலை அனுப்புங்கள்.

* ஓய்வு பெற்று வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். பென்ஷனுக்கு முன்பே தாமாகக் கேட்டு விலகி வந்தவர் 'முன்னாள் படைவீரர்' என்ற கணக்கில் வரமாட்டார்.

* பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே பிரதமர் ஸ்காலர்ஷிப்புக்கான காகிதங்களைச் சேகரியுங்கள். முதல் வருஷம் தவறினால் தவறியதுதான். கிடைத்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீதம் எடுத்தால்தான் தொடரும்.

* பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்போடு.

* இரண்டு இடத்தில் உதவி வந்தால், ஒன்றுக்கொன்று தடையா என்று பாரத்தின் உறுதிமொழியைப் படித்து முடிவு செய்யுங்கள்.

* எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஒன்று உங்கள் துணி பீரோவில்.

இப்போது அந்தப் பச்சைப் பெட்டி பரணில் இல்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சாவி என் முந்தானையில். போன வாரம் என் பெண் லீவில் வந்திருந்தாள். காலேஜ் தோழி ஒருத்திக்கு, அவள் அப்பாவும் பட்டாளத்துக்காரர், போனில் மணிக்கணக்காக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "உன் தங்கச்சி இந்த வருஷம்தானேடி சேர்ந்திருக்கா? முதல்ல அப்பா புக்ல அவ பேரு எப்படி இருக்குன்னு பாருடி. 'அதே பேருதான்'னு அம்மா சொன்னா நம்பாத. நீயே கண்ணால பாரு!"

அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைக்காதது அந்தத் தங்கச்சிக்காவது கிடைக்கட்டும். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டியை இன்றைக்கே இறக்கிப் பாருங்கள்!